குளிர்காலம் இல்லாத நாட்டில் கொடிமுந்திரி

நம் ஆலயங்களில் திராட்சைக் கொடி இடம்பெறாத பீடத்தைக் காண்பது அரிது. நற்கருணைப் பேழையின் கதவிலும், குருவானவரின் திருவுடையிலும், பழைய கோயில்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களிலும் மடல் மடலாய் விரிந்த அதன் இலையும் கொத்தாய்த் தொங்கும் அதன் கனியும் நம்மை நோக்குகின்றன. ஆயினும் தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பாலோர் இக்கொடியைக் கல்லிலும் பட்டிலும் கண்ட அளவுக்கு மண்ணில் கண்டதில்லை. பல தலைமுறைகளாக நம் முன்னோர், தாம் கண்ணால் காணாத ஒரு செடியின் உவமையைக் கேட்டே செபித்து வந்தனர்.

அந்த உவமையைக் கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திராட்சை இலையுதிர்க்கும் கொடி. ஆண்டுக்கொருமுறை குளிர் வந்து தன்னை உறங்க வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் இனம் அது. அவ்வாறாயின், மார்கழி இரவிலும் மெல்லிய போர்வையே போதும் என்னும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அது எங்ஙனம் வாழ்கிறது? வாழ்வது மட்டுமன்று, ஆண்டு முழுவதும் காய்த்துக்கொண்டிருக்கிறதே! அக்கொடியை இங்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதை வாழவைத்தது எது என்று கேட்பவர் குறைவு.

முதலில் கொடியின் இயல்பைப் பார்ப்போம். பழந்தமிழ் வழக்கில் இதற்குக் கொடிமுந்திரி, முந்திரிகை என்னும் பெயர்கள் உண்டு. திராட்சை என்பது வடமொழி வழி வந்த சொல். போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரமும் பின்னாளில் முந்திரி என்ற பெயரையே பெற்றுக்கொண்டதால், இன்று கொடிமுந்திரி என்றால் இளைஞர் விழிக்கின்றனர். மலையாள நாட்டார் மட்டும் முந்திரி என்ற சொல்லைத் திராட்சைக்கே வைத்துக்கொண்டுள்ளனர்.

தாவர நூலார் இதனை விட்டிஸ் வினிபெரா என்பர். இதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நம் வேலியிலேயே வாழ்கிறார். துவையலுக்கு நாம் ஒடித்து வரும் பிரண்டைதான் அவர்! இரண்டிலும் இலைக்கு எதிர்ப்புறத்தில் பற்றுக்கம்பி தோன்றுவதைக் காணலாம். அந்தப் பற்றுக்கம்பியில்தான் திராட்சையின் மறைபொருள் இருக்கிறது எனலாம். பற்றிக்கொள்ளும் கம்பியும் பழக்கொத்தும் பிறப்பால் ஓர் உறுப்பே. இலைக்கணுவிலுள்ள மொட்டுக்குள் நுண்ணிய ஒரு முளை தோன்றும். போதிய ஒளியும் வெப்பமும் ஊட்டமும் கிடைத்தால் அது பூங்கொத்தாகும், கிடைக்காவிடில் வெறும் பற்றுக்கம்பியாகும். இம்முடிவு காய்க்கும் பருவத்தில் எடுக்கப்படுவதன்று. இவ்வாண்டு உண்ணும் பழம், சென்ற ஆண்டே மொட்டுக்குள் உருவாகிவிட்ட ஒன்று. ஆகவே அடர்ந்த தழைக்கடியில் நிழலில் கிடக்கும் மொட்டு, அடுத்த ஆண்டில் இலையைத் தருமேயன்றிக் கனியைத் தருவது அரிது.

மிதவெப்ப நாடுகளில் இக்கொடியின் ஆண்டு தெளிவான ஒழுங்குடையது. வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் பழுத்து, அறுவடைக்குப் பின் எஞ்சிய நாள்களில் இலைகள் சேர்க்கும் மாவுச்சத்தை எல்லாம் தண்டிலும் வேரிலும் இறக்கி வைத்துவிட்டு இலையை உதிர்க்கிறது. பின்பு குச்சியாய் நிற்கிறது. பார்ப்பவர் பட்டுப்போயிற்று என்றே எண்ணுவர். அக்குளிரில் கிடந்த பிறகே மொட்டுகள் யாவும் ஒருசேர விழிக்கும். துளிர்க்குமுன் வெட்டிய காயத்தின் வழியே வேரின் அழுத்தத்தால் தெளிந்த நீர் சொட்டும். ஐரோப்பிய உழவர் இதனைக் கொடி அழுகிறது என்பர்.

காட்டுத் திராட்சையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரே பூவில் இரண்டும் அமைந்த கொடியைக் கண்டெடுத்து, அதன் குச்சியை நட்டுப் பெருக்கியதிலிருந்தே திராட்சைத் தோட்டத்தின் வரலாறு தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான கொடிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2023-இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிலும் காக்கசஸ் பகுதியிலும் தனித்தனியே இது நிகழ்ந்தது என்கிறது. ஜார்ஜியா நாட்டில் கி.மு. 6000-ஐ ஒட்டிய மண்பானைகளில் திராட்சை இரசத்தின் எச்சம் கண்டறியப்பட்டது 2017-இல் அறிவிக்கப்பட்டது. அர்மீனியாவின் அரேனி குகையில் கி.மு. 4000-ஐ ஒட்டிய ஆலையே கிடைத்துள்ளது. வெள்ளத்துக்குப் பின் நோவா திராட்சைத் தோட்டம் இட்டதாகத் தொடக்கநூல் கூறும் அரராத்து மலைநாடும் அப்பக்கத்ததே. இதைக் கொண்டு விவிலியத்தைத் தாவர நூலாக்க முயல்வது வீண் வேலை. ஆயினும் அந்நினைவு எத்திசையைச் சுட்டுகிறது என்பதைக் கண்டு நாம் புன்னகைக்கலாம்.

விதையிட்டால் தாயைப் போலப் பிள்ளை பிறப்பதில்லை என்பதால் திராட்சை எங்கும் குச்சி நட்டே பெருக்கப்படுகிறது. பிரான்சின் ஓர்லேயான் நகரில் அகழ்ந்தெடுத்த ஏறத்தாழ 900 ஆண்டு பழமையான விதை ஒன்றை ஆராய்ந்தபோது, இன்றும் பயிராகும் சவாஞ்ஞென் பிளான் என்னும் வகையோடு அது மரபணுவில் முழுதும் ஒத்திருந்தது. அத்தனை நூற்றாண்டுகளும் ஒரே கொடிதான், குச்சியிலிருந்து குச்சியாய்க் கைமாறி வாழ்ந்திருக்கிறது!

ஆகவே திராட்சை வளர்ப்பு என்பது அடிப்படையில் வெட்டும் கலையே. விவிலிய நாடு இதனை நன்கறியும். 1908-இல் கெசேரில் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 10-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சிறு சுண்ணாம்புப் பலகை, உழவனின் ஆண்டை வேலை வேலையாகப் பிரித்துச் சொல்கிறது. அதில் கதிர் அறுவடைக்குப் பின்னும் கோடைக்கனிக்கு முன்னும் இரண்டு மாதங்கள் கொடிக்கு உரியவை. அங்குள்ள எபிரேயச் சொல்லின் வேரே இனிமைமிகு பாடலில் வரும் ஒரு சொல்லுக்கும் வேர். கிளை கழிக்கும் காலம் என்றும் பாடும் காலம் என்றும் அதைப் பெயர்க்கலாம் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இன்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றனர். குளிரில் உறங்கும் கொடியைக் குறைத்து வெட்டுவது ஒன்று. கோடையில் தழையைக் கழித்துக் கனிக்கு ஒளி காட்டுவது மற்றொன்று. எசாயா 18-ஆம் அதிகாரம் இந்த இரண்டாவதையே வருணிக்கிறது.

யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தைக் கிரேக்கத்தில் படிப்போர்க்கு இன்னொரு நுட்பம் புலப்படும். கனி தராத கிளையை எடுத்துவிடுவதற்கு அய்ரேயின் என்ற வினையும், கனி தரும் கிளையைக் கழித்துவிடுவதற்குக் கத்தாய்ரேயின் என்ற வினையும் வருகின்றன. இரண்டாவதன் நேர்ப்பொருள் தூய்மையாக்குதல். அடுத்த வசனத்தில் சீடர்களைத் தூயவர்கள் என்று குறிக்கும் சொல்லும் அதே குடும்பத்தது. கழித்தல், தறித்தல் என்று நாம் பெயர்க்கும்போது இந்த ஒலித்தொடர்பு நழுவிவிடுகிறது. அரிவாள் கனியற்ற கிளைக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும் இந்த நழுவலே ஓரளவு காரணமாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்துக்குக் கொடி வருமுன்பே இரசம் வந்துவிட்டது. யவனர் கலங்களில் கொணர்ந்த நறுமணத் தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல்நாட்டுச் சாடிகள் அதற்குச் சான்று. கொடியோ வடமேற்கு வழியாகப் பாரசீக, ஆப்கானியத் தொடர்பால் மெல்ல இறங்கியது. 14-ஆம் நூற்றாண்டில் தக்காணத்துத் தௌலதாபாத்தைக் கண்ட இபன் பதூதா, அங்குத் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை பலன் தருவதாக எழுதிவைத்தார். குளிர்காலத்தை இழந்த கொடி தன் நாட்காட்டியையும் இழந்துவிட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சியங்களுள் இது ஒன்று.

மறைபரப்பாளருக்குத் திராட்சை ஓர் இன்றியமையாத் தேவை. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெற்ற இயற்கையானதாக, கெட்டுப்போகாததாக இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். இன்றைய சட்டத்தொகுப்பில் அது 924-ஆம் எண்ணில் உள்ளது. கப்பல் தாமதித்தாலும் சாடி புளித்தாலும் திருப்பலி இல்லை. எனவேதான் ஸ்பானியத் துறவியர் சென்றவிடமெல்லாம் கொடியை நட்டனர். கலிபோர்னியாவில் மிஷன் திராட்சை என்றே பெயர் பெற்ற கொடி, ஸ்பெயினின் லிஸ்தான் பிரியெத்தோதான் என்பதை அண்மைக்கால மரபணு ஆய்வு மெய்ப்பித்துள்ளது.

நம் பக்கத்து மரபு இது: ஏறத்தாழ 1832-இல் கிறிஸ்தவ மறைபரப்பாளர் சேலம், மதுரை மாவட்டப் பகுதிகளில் திராட்சையை அறிமுகப்படுத்தினர். வேளாண் நூல்கள் இதைக் குறிக்கின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், பெயர் சொல்லாமல், ஒரு பிரெஞ்சுக் குரு என்றே செய்திகள் உரைத்தன. காலம் பொருந்துகிறது. சேசு சபை ஒடுக்கப்பட்ட பின் 1776 முதல் இப்பகுதிப் பணியை ஏற்றிருந்தவர்கள் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள். மீட்டெடுக்கப்பட்ட சேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் புதிய மதுரை மிஷனுக்கு வந்துசேர்ந்தது 1838-இல்தான். ஆகவே 1832-இல் இங்கு ஒரு பிரெஞ்சுக் குரு கொடி நட்டார் எனில், அவர் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் பாரிஸ் சபையைச் சார்ந்தவராக இருந்திருத்தல் வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. இன்று நாம் பன்னீர் திராட்சை என்று சுவைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. இதனை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பெட்போர்டுஷயரில் ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டக்காரராக இருந்த சீவார்ட் ஸ்னோ. காலம் ஏறத்தாழ 1850. கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த பிளாக் ஹாம்பர்க், அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் இரண்டையும் கலந்து அவர் பெற்றது அது. அப்பெற்றோரை மரபணு ஆய்வும் உறுதிசெய்துள்ளது. 1850-ஐ ஒட்டிப் பிறந்த கொடியை 1832-இல் ஒருவர் கொண்டுவந்திருக்க இயலாது. அக்குரு நட்டது வேறொரு கொடி. கம்பத்துப் பந்தலில் இன்று தொங்குவது அதற்குப் பின்னர் வந்தது.

இதைச் சொல்வது சிலருக்கு வருத்தம் தரலாம். நம்மவர் ஒருவரின் புகழைக் குறைக்கிறோமோ என்று தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. திருச்சபையின் வரலாறு பொய்யான தூண் ஒன்றின்மேல் நிற்க வேண்டிய நிலையில் இல்லை. மேலும், உண்மையான வழிமரபு கட்டுக்கதையைவிடச் சுவையானது. இலண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் அரண்மனையில் 1768-இல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற பெருங்கொடி அதே பிளாக் ஹாம்பர்க் வகை. அரசர் வீட்டுக் கண்ணாடிக் கூரைக்கடியில் நிற்கும் அக்கொடியும் கம்பத்துக் கொடியின் தாய்க்கொடியும் ஒன்றே. மற்றொரு பெற்றோரான அலெக்சாந்திரியா மஸ்கட்டிலிருந்து வந்தது மணம். ரோசாவின் நறுமணத்துக்குக் காரணமான ஜெரானியால் போன்ற பொருள்கள் மஸ்கட் இனப் பழங்களிலும் உண்டு. வேதியியல் கல்லாத நம் மக்கள் முகர்ந்து பார்த்தே பன்னீர் என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

பள்ளத்தாக்கின் கதையில் மற்றொரு பங்காளி தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் நீர் 1895-இல் கிழக்கே திரும்பியது. திராட்சை வணிகப் பயிராகப் பரவியது அதற்கும் பிற்பட்ட 20-ஆம் நூற்றாண்டில். இன்று சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய ஊர்களில் ஏறத்தாழ 2,000 ஏக்கரில் கற்கால்களின்மேல் கம்பி இழுத்த பந்தல்கள் விரிந்து கிடக்கின்றன. இராயப்பன்பட்டி, இராயப்பராகிய பேதுருவின் பெயரைத் தாங்கிய நம் மக்களின் ஊர். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில் உள்ளது.

குளிர் இல்லாத இடத்தில் விட்டுவிட்டால் கொடி என்ன செய்யும்? இலையை உதிர்க்காது. நுனியில் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். கீழ்க் கண்கள் உறங்கிக் கிடக்கும். காய்ப்பு பெயரளவில் இருக்கும். பசுமையாக, செழிப்பாக, பயனின்றி வாழும். ஆகவே வானம் செய்யாததைக் கை செய்கிறது. உழவர் இலைகளைத் தாமே உருவிவிட்டு, கிளைகளை வெட்டிக் கொடியை மொட்டையாக்குகின்றனர். அதற்குக் கவாத்து என்று பெயர். பன்னீருக்குக் கிளையொன்றில் நான்கு கண் விட்டு வெட்டுவது பொதுவழக்கு. நுனியின் ஆதிக்கம் வீழ்ந்ததும் உறங்கிய கண்கள் விழிக்கின்றன. மார்கழி, தையில் வெட்டினால் சித்திரை, வைகாசியில் பழம். வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றி வெட்டுவதால் பள்ளத்தாக்கில் பழமில்லாத மாதமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஐந்து அறுவடை என்பது இங்குள்ள கணக்கு. மராட்டிய நாட்டாரும் ஆண்டுக்கு இருமுறை வெட்டுகின்றனர். ஆனால் ஏப்ரல் வெட்டு கிளையை உருவாக்குவதற்கு, அக்டோபர் வெட்டு பழத்துக்கு. அறுவடை அவர்களுக்கு ஒன்றே.

எவ்விடத்தில் வெட்டுவது, எக்கண்ணை விடுவது, எக்கிளை போன முறை வெயில் கண்டது என்பதைத் தீர்மானிப்பது வெட்டுபவரின் கண்தான். தலைக்குமேல் பந்தலை நோக்கிக் கழுத்தை நிமிர்த்தி, கையை உயர்த்தி நாள் முழுவதும் நிற்கும் வேலை அது. தடுமாறி ஒரு கண் தவறினால் ஒரு கொத்து போயிற்று. கொண்டுவந்த குருவை நினைவில் வைத்த நம் மரபு, கூலிக்கு வெட்டிய இக்கைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. இங்கிலாந்துத் தோட்டக்காரரின் பெயர் தாவர நூல்களில் நிற்கிறது. குளிர்காலத்தைக் கையால் செய்துகாட்டிய கம்பத்துத் தோட்டக்காரரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. வரலாறு எழுதும்போது நாம் பெரும்பாலும் கப்பலில் வந்தவர்களை எழுதுகிறோம், துறையில் நின்று வாங்கியவர்களை விட்டுவிடுகிறோம். மறைமாவட்ட வரலாறுகளுக்கும் இது பொருந்தும்.

இதில் ஒரு விலையும் உண்டு. லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம், புதிதாக நட்ட மரத்தின் கனியை மூன்றாண்டுகள் தொடலாகாது என்கிறது. நான்காம் ஆண்டுக் கனி ஆண்டவருக்குரியது. ஐந்தாம் ஆண்டில்தான் உண்ணலாம். கம்பத்தில் நட்ட கொடி இரண்டாம் ஆண்டிலேயே பந்தலில் காய்க்கிறது. அதே நூலின் 25-ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் வயலில் விதைப்பதையும் தோட்டத்தில் கிளை கழிப்பதையும் தடை செய்கிறது. யூதேயாவில் அது இயன்றது. வெட்டாமல் விட்டாலும் குளிர் வந்து கொடியை உறங்க வைக்கும், வசந்தம் வந்து எழுப்பும். அங்கே ஓய்வை அளிப்பது வெட்டாமை. இங்கேயோ வெட்டாமல் விட்ட கொடிக்கும் ஓய்வு இல்லை. வெட்டிய கொடிக்கும் அறுவடைக்குப் பின் வேரில் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கப் போதிய நாள் கிடைப்பதில்லை. அடுத்த கவாத்து வந்துவிடுகிறது. அந்தக் குறையைத் தொழுவுரத்தாலும் பசுந்தாள் உரத்தாலும் இடுபொருள்களாலும் ஈடு செய்கின்றனர். மழைக்காலப் பயிரில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து தெளித்தாக வேண்டும். விதையுள்ள பன்னீரைவிட விதையில்லாத பழத்தை நகரத்தார் விரும்புவதால் விலையும் தள்ளாடுகிறது. ஓய்வுநாள் சட்டத்தை நிலத்துக்கும் விதித்த நூலைக் கையில் வைத்திருக்கும் நாம், ஓய்வில்லாத கொடியின் கனியை வாங்கும்போது அதைப் பயிரிடுவோரின் ஓய்வையும் விலையையும் குறித்துக் கேட்க உரிமையுடையோம், கடமையும் உடையோம்.

வெட்டிய குச்சிகள் பந்தலுக்கடியில் குவிந்து கிடக்கும். அவற்றுள் முற்றியவற்றை, கண்கள் திரண்டவற்றைத் தேர்ந்து கட்டுகளாக்கி நாற்றங்காலில் வேர்விடச் செய்வர். ஆனி, ஆடியில் அவை 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் புதிய தோட்டத்தில் இறங்கும். எஞ்சியவை அடுப்புக்குப் போகும்.